பல் பிடுங்கிய அன்றே உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாமா?

கேள்வி: ஜூலை 9, இரவு 8.10
ஏற்காட்டில் இருக்கிறேன். இன்று மதியம் சேலம் போய்க் கீழ்வரிசையில் கடைசிப் பல்லை எடுத்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் மேலே வந்தாச்சு. பஞ்சை எடுத்துவிட்டேன். எச்சில் சிவப்பாகவே ஊறுகிறது, துப்பிக்கொண்டே இருக்கிறேன். அம்மா கல் உப்புப் போட்ட வெந்நீரில் நல்லா கொப்பளி என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா கிராம்பு எண்ணெய் கொடுத்தார், கெட்ட ரத்தம் போகட்டும் விடு என்றும் சொன்னார். சீட்டில் மாத்திரை மட்டும்தான் எழுதியிருக்கிறது. எதைச் செய்வது?

ஜூலை 9, இரவு 8.25
கொப்பளிக்காதீர்கள். துப்பாதீர்கள். எண்ணெயை மூடி வையுங்கள். நாளை சாயங்காலம் வரைக்கும் அந்தக் குழியை எதுவும் தொடக்கூடாது, உங்கள் நாக்கு உட்பட. காரணம் பின்னால் எழுதுகிறேன், முதலில் அந்த டம்ளரைக் கீழே வையுங்கள்.

ஜூலை 9, இரவு 8.50
காரணம் இதுதான். பல் இருந்த குழியில் இப்போது ரத்தம் உறைந்து கட்டியாக உட்கார்ந்திருக்கிறது. அதற்கு அடியில் இருப்பது தாடை எலும்பும் நரம்பு நுனிகளும். அந்தக் கட்டிதான் அவற்றுக்குப் போர்வை. புதுச் சதை வளர்வதும் அதற்குள்தான். கொப்பளித்தாலும், காறித் துப்பினாலும், ஸ்ட்ரா வைத்து உறிஞ்சினாலும் வாய்க்குள் ஒரு இழுப்பு உண்டாகும். அந்த இழுப்பில் கட்டி பெயர்ந்துவிடும்.

கெட்ட ரத்தம் என்று அங்கே ஒன்றும் கிடையாது. உடம்பு முழுக்க ஓடுகிற அதே ரத்தம்தான். அது அங்கே உறைய வேண்டும் என்றுதான் டாக்டர் பஞ்சைக் கடிக்கச் சொன்னார். ஒரு சொட்டு எச்சிலில் கலந்தாலே வாய் நிறைய ரத்தம் மாதிரித் தெரியும். ஒரு நாள் வரைக்கும் இளஞ்சிவப்பாக ஊறுவது சாதாரணம். அதை விழுங்குங்கள்.

நமக்கு வாயில் எது பட்டாலும் உடனே கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள், மற்ற நாளில் அது நல்ல பழக்கமும்கூட. பல் எடுத்த முதல் நாள் மட்டும் அதுவே எதிரியாகிவிடுகிறது. அன்றைக்குச் சும்மா இருப்பதுதான் வைத்தியம்.

ஜூலை 9, இரவு 9.15
"விழுங்கினால் குமட்டுகிறது, ரத்தம் இன்னும் கெட்டியாகவே வருகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் திரும்பப் பஞ்சு வைக்க வேண்டும். வைக்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

மருந்துக்கடையில் கிடைக்கும் காஸ் துணி இருந்தால் அது. இல்லையென்றால் சுத்தமான பழைய வேட்டித் துணியைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, பிழிந்து எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் பஞ்சு வேண்டாம், இழை கட்டியோடு ஒட்டிக்கொள்ளும். துணியை லேசாக ஈரமாக்கிச் சதுரமாக மடியுங்கள். கனமாக மடிக்க வேண்டும், ஏனென்றால் பல் இல்லாத இடம் பள்ளம். மெல்லிசாக வைத்தால் பக்கத்துப் பற்கள் ஒன்றையொன்று தொட்டுவிடும், குழிக்கு அழுத்தமே போகாது. கடித்தால் குழியின் மேல் அழுத்துவது உங்களுக்கே தெரிய வேண்டும். அரை மணி நேரம் அப்படியே கடித்திருங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள், பேசாதீர்கள், படுக்காதீர்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். ஊறுவதை விழுங்கக் குமட்டினால் தலையைக் குனிந்து ஒரு துண்டில் தானாக வழியவிடுங்கள். துப்புவது மட்டும்தான் கூடாது.

ஈரப்படுத்திய டீ பேக் இருந்தால் அதையும் காஸில் சுற்றிக் கடிக்கலாம். தேயிலையில் இருக்கும் டானின் ரத்தம் உறைய உதவும்.

இரண்டு தடவை இப்படிச் செய்தும் நிற்கவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஜூலை 9, இரவு 10.20
நின்றுவிட்டது என்று எழுதியதைப் பார்த்த பிறகுதான் நிம்மதி. இன்று இரவு தலைக்கு இன்னொரு தலையணை. அம்மாவிடம் சொல்லுங்கள், உப்புத் தண்ணீர் தப்பில்லை, நாள்தான் தப்பு. நாளை சாயங்காலத்துக்கு மேல் அவர் சொன்னதையே செய்யப்போகிறோம்.

ஜூலை 10, காலை 6.40
மலையேறி வீட்டுக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் வாந்தி வருகிற ஆள் என்றால் வாயில் பஞ்சும் வயிற்றில் விழுங்கிய ரத்தமுமாக அந்த ரோட்டில் ஏறக்கூடாது. ரத்தம் நின்றதா என்று கிளினிக்கிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, டாக்டரிடம் இன்னொரு தரம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். முன் சீட்டு கேட்டு வாங்குங்கள். காஸ், மாத்திரை எல்லாவற்றையும் அஸ்தம்பட்டியிலோ கோரிமேட்டிலோ வாங்கிக்கொண்டே ஏறுங்கள். மேலே ராத்திரியில் மருந்துக்கடையைத் தேடி அலைவது எப்படி என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முடிந்தால் காலையிலேயே பல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்குள் ஏதாவது ஆனாலும் டாக்டர் அங்கேயே இருப்பார்.

ஜூலை 10, காலை 11.05
மாத்திரை பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

பல் எடுக்கப் போட்ட ஊசியின் மரப்பு பொதுவாக 2 முதல் 4 மணி நேரம் நிற்கும். அது முழுதாக இறங்குவதற்கு முன்பே, சாப்பிட்டுவிட்டு, டாக்டர் எழுதிய வலி மாத்திரையைப் போட்டுவிட வேண்டும். வலி ஏறிய பிறகு போட்டால் இறங்க நேரமாகும். பாரசிட்டமால் என்றால் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராம்தான் எல்லை, ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் தினம் குடிப்பவர்களுக்கும் அதைவிடக் குறைவு. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கடையில் கொடுக்கும் பல வலி மாத்திரைகளில் அசிக்ளோஃபினாக்கோடு பாரசிட்டமாலும் சேர்ந்தே இருக்கிறது. அதையும் போட்டு, மேலே தனியாக 650 மில்லிகிராம் பாரசிட்டமாலையும் போட்டால் கணக்கு எங்கேயோ போய்விடும். அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் ஐபுப்ரோஃபென் வகையறாவை டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

வலிக்கென்று ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டும். அதைப் பொடித்து ஈறில் வைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. ஈறு வெந்து வெள்ளையாக உரிந்துவிடும்.

ஆன்டிபயாடிக் எழுதியிருந்தால் சொன்ன நாள்வரை போடுங்கள், எழுதவில்லை என்றால் நீங்களாக வாங்காதீர்கள். மெட்ரோனிடசோல் கொடுத்திருந்தால் அது முடிந்து சில நாள் வரைக்கும் மதுவை நினைக்கக்கூடாது.

ஜூலை 10, மதியம் 1.30
"இதயத்துக்கு ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிற அப்பாவுக்குப் பல் எடுக்கணும், ஒரு வாரம் முன்னாடியே மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள்" என்று எழுதியிருக்கும் தம்பிக்கு: யார் சொன்னது? பல் டாக்டரா, சொந்தக்காரரா? நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் குழியில் ரத்தம் கசிந்தால் அழுத்தலாம், தையல் போடலாம், உள்ளே மருந்துப் பஞ்சு வைக்கலாம். மாத்திரை நின்று இதயத்திலோ மூளையிலோ அடைப்பு வந்தால் என்ன செய்வீர்கள்? என் அம்மாவுக்கு ஆஸ்பிரினை நிறுத்தாமல்தான் எடுத்தார்கள். ஒரு தையல் போட்டு, வழக்கத்தைவிட அதிக நேரம் பஞ்சைக் கடிக்க வைத்தார் டாக்டர். ராத்திரி வரைக்கும் கசிந்தது, காலையில் நின்றிருந்தது. வார்ஃபரின் சாப்பிடுகிறவர் என்றால் ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். இதய டாக்டரிடமும் பல் டாக்டரிடமும் இருவருக்கும் தெரியச் சொல்லுங்கள்.

எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை அல்லது வருஷம் ஒரு ஊசி போட்டுக்கொள்கிற பெண்கள் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்துகளில் சிலவற்றால் தாடை எலும்பு ஆறாமல் நின்றுபோவது உண்டு.

ஜூலை 10, இரவு 7.15
இப்போது கொப்பளிக்கலாம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு. கையில் ஊற்றிப் பார்த்தால் சுடக்கூடாது. வாயில் வைத்துத் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்துவிட்டு, வாயைத் திறந்து தானாக விழ விடுங்கள். கன்னத்தை உப்பிக் குலுக்க வேண்டாம். சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு தடவையும், ஒரு வாரத்துக்கு. மற்ற பற்களைத் துலக்கலாம், குழிப்பக்கம் மட்டும் பிரஷ் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய் கொப்பளிக்கிறவர்கள் அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

ஜூலை 10, இரவு 9.00
ஐஸ் பற்றி. ஏற்காட்டு மழையில் ஐஸ் வைத்தால் சளி பிடிக்கும் என்று ஒரு அண்ணா சண்டைக்கே வந்துவிட்டார். வாய்க்குள் வைக்கச் சொல்லவில்லை. வெளியே, கன்னத்தின் மேல், துண்டில் சுற்றி, 15 நிமிடம் வைத்து எடுத்து, கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும். வீக்கம் உடனே வராது, இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும், அதனால் முதல் நாளே வைத்தால்தான் பலன். ஐஸ் இல்லாத வீட்டில் குழாய்த் தண்ணீரில் துணியை நனைத்து வைத்தாலும் போதும், இந்த மாதம் மேலே அதுவே ஐஸ்தான். இரண்டு நாள் கழித்து ஐஸால் பயனில்லை. அப்போது வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்தால் தாடை பிடித்துக்கொண்டிருப்பது தளரும்.

ஜூலை 11, காலை 8.20
சாப்பாடு. சேலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தரவே தேவையில்லை: ஜவ்வரிசிக் கஞ்சி. ஊரைச் சுற்றி சேகோ ஆலைகள், வீட்டில் எப்போதும் ஒரு டப்பா இருக்கும். ஊற வைத்து, கண்ணாடி மாதிரி ஆகும்வரை வேக வைத்து, பால் விட்டு ஆற்றிக் குடிக்கலாம். மோர் விட்டு உப்புப் போட்டாலும் நன்றாக இருக்கும். ஆனால் ஜவ்வரிசி முழுக்க மாவுச்சத்து, புண் ஆறப் புரதம் வேண்டும். அதனால் வெந்த பருப்பை மசித்த சாதம், தயிர் சாதம், பொடிமாஸ் போலக் குழைவாகக் கிளறிய முட்டை, சாம்பாரில் ஊறிப்போன இட்லி. எல்லாம் ஆறியது, மறுபக்கத்தில் மெல்லுவது.

காபி சூடாக வேண்டாம். காபித் தோட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன், கஷ்டம் தெரியும். முதல் நாளில் ஆற்றிக் குடியுங்கள். சூடு ரத்தக் கசிவைத் திரும்பக் கிளப்பும். இளநீரை டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள், ஸ்ட்ரா வேண்டாம். தட்டுவடை செட்டுக்கு ஏங்குகிறவர்கள் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். நொறுங்கிய தட்டுவடைத் துண்டு குழிக்குள் குத்தி நின்றால் என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜூலை 11, மதியம் 2.45
ஜவ்வரிசி மணி குழியில் போய் உட்கார்ந்துகொண்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரியான கவலை. காலையில் எழுதியதில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: முதல் இரண்டு நாள் மணி கரையும்வரை வேக வைத்து வடிகட்டிக் குடியுங்கள், அல்லது வறுத்துப் பொடித்துக் காய்ச்சுங்கள். உள்ளே போனதைத் தீக்குச்சியாலோ ஊக்காலோ நோண்டாதீர்கள். உப்புத் தண்ணீரில் அதுவே வெளியே வரும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஜவ்வரிசியையும் பால் கஞ்சியையும் நான் சொல்லமாட்டேன், சர்க்கரை ஏறும். இன்னொன்று, வாய் வலிக்கிறது என்று சாப்பிடாமல் இருந்துகொண்டு சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுவிடுகிறார்கள். தலை சுற்றிக் கீழே விழுவது அப்படித்தான். சாப்பாடு குறைந்தால் மாத்திரையை என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஜூலை 12, இரவு 11.10
இன்று மூன்றாம் நாள். முதலில் கேட்டவர் எழுதியிருக்கிறார்: நேற்று குறைந்த வலி இன்று கூடிவிட்டது, காது வரைக்கும் இழுக்கிறது, வாயில் ஒரு நாற்றம்.

இதைத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். முதல் நாள் சும்மா இருங்கள் என்றேன், இப்போது சும்மா இருக்காதீர்கள். பல் எடுத்த வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். மூன்றாம் நாள் வாக்கில் திரும்பி ஏறினால் கட்டி போய்க் குழி காய்ந்துவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். பல் டாக்டர்கள் டிரை சாக்கெட் என்று சொல்வது இதைத்தான். கீழ்த்தாடையில், அதிலும் ஞானப் பல்லில்தான் அதிகம். பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் கூடுதலாக வரும். எல்லாம் ஒழுங்காகச் செய்தவர்களுக்கும் வரும். அதனால் அன்று சாயங்காலம் துப்பியதை நினைத்து உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம்.

எனக்கு வந்திருக்கிறது. கீழ் ஞானப் பல். வலி தாடையில் தொடங்கிக் காதுக்குள் போய் நெற்றிப்பொட்டில் நின்றது, மாத்திரை அதைத் தொடவே இல்லை. கண்ணாடி முன்னால் போன் வெளிச்சத்தில் பார்த்தேன். குழியில் கருஞ்சிவப்பாக எதுவும் இல்லை. அடியில் சாம்பல் கலந்த வெள்ளையாக எலும்பு தெரிந்தது. பல் எடுத்த கிளினிக்கில் இப்படி ஒன்று வரலாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒரு துண்டுச் சீட்டும் தரவில்லை, போன் பண்ணினால் "மாத்திரை போடுங்க, சரியாகிடும்" என்றார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. பல்லைப் பிடுங்கக் கால் மணி நேரம் ஒதுக்குகிறவர்கள், வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல இரண்டு நிமிடம் ஒதுக்க வேண்டாமா? இந்த இழையில் இவ்வளவு எழுதுவதே அதனால்தான்.

வேறொரு டாக்டர் குழியை உப்பு நீரால் கழுவி, மருந்து தோய்த்த ஒரு சின்ன நாடாவை உள்ளே வைத்தார். வாயெல்லாம் கிராம்பு வாசனை. கிளினிக் படி இறங்குவதற்குள் வலி பாதியாகிவிட்டது. நாளை காலை முதல் வேலையாக இறங்குங்கள். தனியாரிடம் வசதிப்படாவிட்டால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது.

ஜூலை 13, மதியம் 12.30
மருந்து வைத்துவிட்டார்கள், தூங்கப்போகிறேன் என்று அவர் எழுதியிருக்கிறார். தூங்கட்டும்.

"அப்போ கிராம்பு எண்ணெய் நல்லதுதானே, முதல் நாள் ஏன் வேண்டாம்னு சொன்னீங்க?" என்று அந்தப் பக்கத்து வீட்டு அக்கா கேட்கச் சொன்னாராம். நியாயமான கேள்வி. டாக்டர் வைப்பதில் கிராம்பின் சத்தான யூஜினால் அளவாக, ஒரு நாடாவில் தோய்த்து இருக்கிறது. அதை வைப்பதும் காலியான குழியில். புட்டியிலிருந்து நேராகப் புதுப் புண்ணில் விட்டால் ஈறு பொசுங்கும், கட்டியும் கலையும்.

ஜூலை 13, மாலை 5.40
மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடுமா? போகாது. மேல் பற்களுக்கு வருவது ஐந்தாம் மூளை நரம்பின் கிளை. பார்வை நரம்பு இரண்டாவது, முற்றிலும் வேறு பாதை. வயதானவர்களுக்குப் பல்லும் பார்வையும் ஒரே காலத்தில் போவதால் வந்த பயம் இது. இதற்குப் பயந்து சீழ் பிடித்த பல்லோடு வருஷக்கணக்காக இருக்கிறவர்களைப் பார்த்தால்தான் மனம் கேட்பதில்லை.

மேல் கடைவாயில் கவனிக்க வேண்டியது வேறு. அதற்கு நேர் மேலே சைனஸ் அறை. பல் எடுத்த பிறகு தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வந்தால் டாக்டரிடம் போக வேண்டும். அதுவரை மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

ஜூலை 15, காலை 9.30
குழந்தைக்குப் பால் பல் எடுத்த அம்மாவுக்கு: மரப்பு இறங்கும்வரை பக்கத்திலேயே இருங்கள். உணர்ச்சி இல்லாத உதட்டைக் குழந்தைகள் விளையாட்டாகக் கடித்துவிடும். சாயங்காலம் பார்த்தால் உதடு வீங்கிப் புண்ணாகி நிற்கும்.

ஜூலை 18, இரவு 8.00
ஆடி பிறந்தாச்சு. கோட்டை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது குடிக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தாராளமாக. ஆறிய கேழ்வரகுக் கூழைவிட இதமான சாப்பாடு எது? பச்சை வெங்காயமும் மிளகாயும் மட்டும் தொட்டுக்கொள்ள வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு கொலுசுப் பட்டறை அண்ணாவின் கேள்விதான் இந்த இழையிலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது. ஊதுகுழல் வைத்துப் பற்றவைக்கிற வேலை, பல் எடுத்த மறுநாளே உட்காரலாமா என்கிறார். வேண்டாம் அண்ணா. ஊதுவதும் உறிஞ்சுவதைப் போலத்தான், வாய்க்குள் அழுத்தம் மாறும், அதையும் நாள் முழுக்கச் செய்கிறீர்கள். குறைந்தது நான்கைந்து நாள் பற்றவைப்பதை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, நீங்கள் அரம் போடுவது, மெருகு போடுவது மாதிரி வேலையைப் பாருங்கள். மேல் கடைவாய்ப் பல் என்றால் டாக்டர் சரி சொல்லும்வரை குழலைத் தொடாதீர்கள். நாதஸ்வரம் வாசிப்பவர்களுக்கும் இதேதான். கூலி போகும் என்பது தெரிகிறது. அதனால் வேலை குறைவான வாரமாகப் பார்த்துப் பல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

வெற்றிலை பாக்கு, புகையிலை, பீடி பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு: மூன்று நாளாவது அறவே வேண்டாம், ஒரு வாரம் முடிந்தால் நல்லது.

ஜூலை 20, காலை 7.10
குழியில் வெள்ளையாக, மஞ்சளாக ஏதோ படிந்திருக்கிறது, சீழா? வலியும் நாற்றமும் வீக்கமும் குறைந்துகொண்டே வந்தால் அது சீழ் இல்லை, ஆறுகிற சதையின் மேல் படியும் ஏடு. சுரண்டாதீர்கள். சில வாரம் கழித்து மணல் போல எலும்புத் துணுக்கு ஈறில் குத்திக்கொண்டு வெளிவருவதும் உண்டு. தானாக விழாவிட்டால் டாக்டரே எடுத்துவிடுவார்.

பயப்பட வேண்டியது இதற்கு: மூன்று நாளுக்குப் பிறகும் வளரும் வீக்கம், காய்ச்சல், வாய் திறப்பது நாளுக்கு நாள் குறைவது. வீக்கம் தாடைக்கு அடியிலோ நாக்குக்கு அடியிலோ இறங்கி, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானால் பல் டாக்டருக்காகக் காத்திருக்க வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரி. உதடு மறுநாளும் மரத்தே இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அக்டோபர் 6, மாலை 4.20
முதலில் கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். ஈறு மூடிவிட்டது, விரல் வைத்தால் இன்னும் பள்ளம் தெரிகிறது, பல் கட்டலாமா என்கிறார். மேல்தோல் சில வாரத்தில் மூடிவிடும், உள்ளே எலும்பு நிரம்ப மாதக்கணக்கில் ஆகும், அதனால் பள்ளம் தெரிவது சரிதான். உங்களுடையது ஞானப் பல் என்றால் அங்கே எதுவும் கட்ட வேண்டியதில்லை. அதற்கு முந்தைய பல் என்றால் காலியாக விடாதீர்கள், மேல் பல் இறங்கத் தொடங்கும், பக்கத்துப் பல் சாயும். எந்தப் பல் என்று சீட்டில் எண் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து எழுதுங்கள்.